முளைக்காத தட்டுகளும் எஸ்தர் அக்காவும்

செய்தி வந்தபோது நான் மொட்டைமாடியில் எஸ்தர் அக்காவின் துணிகளைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். தூறல் போடத் தொடங்கியிருந்தது. அம்மா படியேறி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சாயர்புரத்துல இருந்து அவ அப்பா பேசுனாவ. எஸ்தர் போயிட்டாளாம்ளா." டெங்குக் காய்ச்சல். சொந்த ஊர் வீட்டில் கொஞ்சம் படுத்துவிட்டு வருகிறேன் என்று பஸ் ஏறியவர். துணிகளை நனையாமல் அவர் அறைக்குள் கொண்டுபோய் வைத்தேன். அதற்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கல்லூரி நினைவு மலரில் இதை வாசிக்கும் நீங்கள் அவரை ஆய்வுக்கூடத்தில் அறிந்தவர்கள். நான் அறிந்தது, எங்கள் மாடி அறையில் வாடகைக்கு இருந்த அக்காவை. அப்பாவுக்குத் துறைமுகத்தில் ஷிப்ட். அம்மாவுக்கு ஜவுளிக்கடையில் வேலை. பள்ளிவிட்டு வந்து பூட்டைத் திறப்பது நான்தான். அக்கா வந்ததும் இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்து பேசுவோம். அவருக்கும் இந்த ஊரில் பேச அதிகம் பேர் இல்லை என்று இப்போதுதான் தோன்றுகிறது.

அவருடைய அப்பாவின் கால் புண்ணுக்கு மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தும் கேட்காமல், கடைசியில் ஒரு விரலை எடுத்தார்கள். "மருந்துக்குக் கிருமி பழகிட்டு. பழகாத புது இடமா பாத்து அடிக்கணும்" என்பார் அக்கா. அந்த இடத்தைத்தான் தேடினார். கிருமியின் ஒரு மரபணுவை நீக்குவார். அந்த மரபணு நீங்கிய கிருமிகள் மட்டுமே வளரக்கூடிய தீனி ஊற்றிய கண்ணாடித் தட்டில் பரப்பி வைப்பார். அந்த மரபணு இல்லாமலும் கிருமி பிழைக்குமானால் புள்ளி புள்ளியாக முளைக்கும். பிழைக்காதென்றால் தட்டு காலியாகவே கிடக்கும்; அப்படிப்பட்டதைத்தான் இன்றியமையாத மரபணு என்பார்கள். காலியாகக் கிடந்தால், மருந்து குறிவைக்க ஓர் இடம் கிடைத்தது என்று பொருள்.

ஒரு விடுமுறை நாளில் ஆய்வுக்கூடத்துக்கு என்னை அழைத்துப்போனார். உள்ளே நுழைந்ததும் மேசையைப் பார்த்துத் திகைத்து நின்றார். கழுவும் வேலை பார்க்கும் அண்ணாச்சி கண்ணாடித் தட்டுகளைப் பளபளவென்று கவிழ்த்து வைத்திருந்தார்.

"அண்ணாச்சி, இங்கன இருந்த என் தட்டு எங்க?"

"ஒண்ணுமே மொளைக்கல தாயி. கெட்டுப்போச்சுன்னு கழுவிட்டேன். மொளைச்சதெல்லாம் அங்கன பத்திரமா இருக்கு."

"ஐயோ அண்ணாச்சி! அந்த ஒண்ணுமில்லாததத்தான நான் இவ்வளவு நாளாத் தேடுனேன்!"

"ஒண்ணுமில்லாததத் தேடவா உனக்குப் படிப்பு?" என்று அவர் கேட்க, அக்கா தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார். பிறகு எழுந்து முதலிலிருந்து தொடங்கினார். மறுபடியும் அதே மரபணு, மறுபடியும் காலி.

ஆனால் அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் நம்பவில்லை. கை தவறினாலும் தட்டு காலியாகத்தான் இருக்கும் என்றார். அது நியாயம்தான் என்று அக்காவே சொன்னார். நிரூபிக்க ஒரு வழி இருந்தது: கிருமிக்கு அந்த மரபணுவின் இன்னொரு பிரதியை முதலில் கொடுத்துவிட்டு, பிறகு பழையதை நீக்க வேண்டும். அப்போது மட்டும் முளைத்தால் அக்கா சொன்னது சரி. அதிலும் முளைக்காவிட்டால், அத்தனை நாள் உழைப்பும் கைத்தவறுதான். பல முறை தடங்கலாகி, ஒருவழியாக இரண்டு வகைத் தட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அன்றுதான் அவருக்கு உடம்பு சுட்டது.

அடக்கம் முடிந்த மறுநாள், அவருடன் ஆய்வு செய்யும் பெனிட்டா அக்கா என்னைப் போனில் அழைத்தார். "அவளே வந்து பாக்கட்டும்னு தட்டை எடுத்து பிரிட்ஜுல வச்சிருந்தேன்ளா. இன்னைக்குத்தான் தெறந்தோம். பிரதி கொடுத்ததுல நல்லா மொளைச்சிருக்கு. மத்தது சுத்தமாக் காலி. சார் அதையே பாத்துக்கிட்டு நின்னாவ. அவ சொன்னது சரின்னுட்டாவ."

நான் ஓடி மாடியேறினேன். கதவைத் தட்டக் கை தூக்கியபிறகுதான் ஞாபகம் வந்தது.

அவரை இன்றியமையாதவர் என்று எழுத ஆசைதான். "நீ செத்தா போயிட்ட? பள்ளிக்கூடம் போற, சோறு திங்க. அப்ப நான் அந்த வகை இல்லளா" என்று அக்கா திருத்தியிருப்பார். ஆனால் இன்னொரு வகையும் உண்டு என்று ஒருநாள் சொன்னார். சில மரபணுக்களை எடுத்தால் கிருமி சாகாது. மெதுவாக, ஊசிமுனை அளவுக்குத்தான் முளைக்கும். அவசரமாகப் பார்ப்பவர்கள் காலி என்று ஒதுக்கிவிடுவார்கள். அதனால் எந்தத் தட்டையும் வெளிச்சத்தில் சாய்த்து இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்பார். "அதுவும் உசுருதான்ளா."

அப்படி இன்னொரு முறை பார்ப்பதை அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொள்கிறேன். இப்போதைக்கு, அக்கா இல்லாமல் நான் ஊசிமுனை அளவுக்கு இருப்பதும் அப்படிப் பார்த்தால்தான் தெரியும்.