கேட்டுக்குள் ஒத்தைக்குப் போகிறவன்

நான் அஞ்சாம் கிளாஸ்வரைதான் படித்தவள். எழுத்து கோணலாக இருக்கும், பாதி மறந்தும் போயிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீரிப்பாறை பஸ்ஸில் ஒருநாள் என் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். நரைத்த தாடி, மையடித்த கறுத்த மீசை. போனில் படக்கதை படித்தார். படம் மாற்றும்போதெல்லாம், புத்தகம் புரட்டுவதுபோல விரலை நாக்கில் நனைத்துக்கொண்டார். நான் எட்டிப் பார்த்ததைக் கண்டுவிட்டார்.

“பூதவேட்டைக் கதையாக்கும், அம்மா. மாயக் கேட்டு ஒண்ணு திறந்தா பூதம் வரும். வேட்டைக்காரன் உள்ள போய்க் கொல்லணும்.”

எனக்குத் தெரிந்தது ரயில் கேட்டுதான். “கேட்டு திறந்தா பஸ்ஸுல்லா மக்கா போவும்?” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார்.

“கதை நல்லதா?”

“படம் ஒண்ணாந்தரம். பூதத்துக்க பல்லைக்கூட எண்ணலாம். ஆனா ஒரு குறை உண்டு. முதல்ல அவனுக்குப் பலம் கிடையாது. கூட நாலுபேரு போவாவ, சண்டை பிடிப்பாவ, சோறு பங்குவைப்பாவ. இப்பம் பலம் கூடிப்போச்சு. ஒத்தைக்குப் போறான், ஜெயிக்கான், ஒத்தைக்கு வாறான். யாருகிட்ட போய்ச் சொல்லுவான்?”

“வீட்டுல ஆளில்லையா?”

“எனக்கா, அவனுக்கா?” என்றவர், சட்டைப்பையிலிருந்த வீட்டுச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். என் வீட்டுச் சாவியும் என் மடியில்தான் கிடந்தது.

“அடுத்த வாரமும் ஒத்தைக்குப் போனாம்னா நான் படிக்கத நிறுத்திருவேன்” என்று சொல்லி இறங்கிப் போனார். பிறகு அவரைப் பார்க்கவில்லை.

நான் எழுதியதில் தப்பிருந்தால், அந்தக் கதை படிக்கிறவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள். அவனோடு இப்போது யாராவது போகிறார்களா என்பதையும் பாருங்கள்.