முறிகண்டியில் நிறுத்தாத கார்

எங்கள் காரை ஓட்ட இரண்டு கண் போதாது. ஒரு கண் வீதிக்கு, மற்றது சூட்டைக் காட்டும் முள்ளுக்கு. பின் சீட்டில் அம்மா இருந்தால் மூன்றாவதும் வேண்டும். அதற்கு நான் சிவபெருமானாகப் பிறந்திருக்க வேண்டும்.

விசுவமடுவில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலின் அடியில் வெள்ளைக் கல்லாகப் படியும். ஊரில் எல்லாரையும் போல நாங்களும் அதையே வருடக்கணக்காக ரேடியேட்டருக்கு ஊற்றினோம். பரந்தனில் கராஜ் வைத்திருப்பவர் ஒருநாள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "அக்கா, இது ரேடியேட்டரோ, சுண்ணாம்புச் சூளையோ?" என்று கேட்டார். கழுவினார், ஊதினார், கடைசியில் விசிறியை நேரே ஒரு சுவிச்சில் கொழுவிவிட்டார். "சூடு ஏறினா ஹீட்டரைப் போட்டு மெல்லமா ஓடுங்கோ, எஞ்சின் சூட்டை அது இழுத்தெடுக்கும். சூட்டோட மட்டும் எஞ்சினை நிப்பாட்டிப் போடாதேங்கோ. பிறகு அது ஆறும்வரைக்கும் ஸ்டார்ட் வராது" என்றார். புதுசு மாற்றுவோம் மாற்றுவோம் என்று ஒவ்வொரு போகமும் சொல்லி, ஒவ்வொரு போகமும் விட்டுவிட்டோம்.

அன்று காலை வவுனியாவிலிருந்து சின்னம்மாவின் மகன் அழைத்தான். சின்னம்மா என்றால் அம்மாவின் ஒரே தங்கை.

"அக்கா, அம்மா நேற்று மோசம் போயிட்டா."

"நேற்றோ? இண்டைக்கே சொல்லுறாய்?"

"உங்களுக்குச் சொல்லுறதோ வேண்டாமோ எண்டு வீட்டில பெரிய கதை, அக்கா. மத்தியானம் ராகு காலத்துக்கு முதல் எடுக்கிறம். பெரியம்மா வருவாவோ?"

அவன் பயந்து பயந்து கேட்டதில் நியாயம் இருந்தது. யுத்தம் முடிந்து, அகதி முகாமிலிருந்து எங்களை விட்டபோது அம்மா விசுவமடுவுக்குத் திரும்பினார். சின்னம்மா வவுனியாவிலேயே காணி வாங்கி இருந்துவிட்டார். அம்மா போய், ஊருக்குத் திரும்பி வரச்சொல்லிக் கேட்டபோது, "அங்கை என்ன கிடக்கெண்டு வரச் சொல்லுறாய்?" என்றுவிட்டார். அங்கே, யுத்தத்தில் செத்த என் அண்ணா கிடந்தான். எந்த இடத்தில் என்றுகூடத் தெரியாமல் அந்த மண்ணில்தான் கிடந்தான். அன்றோடு அக்காவும் தங்கையும் கதைப்பது நின்றது.

நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்தார், சீலையை மாற்றினார், வந்து காரில் ஏறி இருந்தார்.

என் கணவர் கண்டாவளையில் நெல்லு வெட்டில் நின்றார். வாடகை வான்காரர் ஏற்கெனவே வேறு ஓட்டத்துக்குப் போய்விட்டார். பஸ்ஸுக்கு நின்றால் காரியம் கெட்டுவிடும். எங்கள் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை, வாசல் படலையோடு நின்றுவிட வேண்டும். பிரேதம் வீட்டைவிட்டு வெளிக்கிட்டால் அம்மாவுக்குத் தங்கையின் முகம் இனி இல்லை. இதுதான் கணக்கு. தண்ணீர்க் கான்களை ஏற்றிக்கொண்டு, இருக்கிற தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன்.

பரந்தன்வரை முள் ஒழுங்காக இருந்தது. கிளிநொச்சியில் சனத்துக்குள் ஊர்ந்தபோது ஏறத் தொடங்கியது. சுவிச்சைப் போட்டேன். ஹீட்டரையும் போட்டேன். பங்குனி வெயிலில் ஹீட்டர்! காருக்குள் அவிந்தோம். அம்மா சீலைத்தலைப்பைத் தண்ணீரில் நனைத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு முறிகண்டி நினைவுக்கு வந்தது. அந்த வீதியில் போகிற எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காமல் போகாது. பஸ் நிற்கும், லொறி நிற்கும், கொழும்பிலிருந்து வருகிற பெரிய மனிதரும் இறங்கித் தேங்காய் உடைப்பார். என் அம்மாவோ, மகப்பேற்றுக்கு என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறபோதே வானை நிறுத்தித் தேங்காய் உடைத்த மனுசி. நான் உள்ளே கத்திக்கொண்டிருந்தேன். இன்றைக்கு அங்கே நின்றால் எஞ்சினை அணைக்க வேண்டும். அணைத்தால் அங்கேயேதான் இருக்க வேண்டும். அம்மாவோடு பிடிக்கப்போகிற சண்டையை மனதுக்குள் பாடமாக்கிக்கொண்டே ஓட்டினேன்.

கச்சான் கடைகள் தெரிந்தன. வறுத்த வேர்க்கடலை மணம் வந்தது. நான் வாயைத் திறக்கமுன்னம் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நிப்பாட்டாதை, பிள்ளை."

"என்னணை?"

"பிள்ளையார் இஞ்சைதான் இருப்பார். அவள் போயிடுவாள். நீ விடு."

விட்டேன். கண்ணாடியில் பார்த்தேன். அம்மா கோயில் பக்கம் திரும்பவே இல்லை. கோயில், குளம் என்று பெரிதாக அலையாதவள் நான். ஆனாலும் அந்த இடத்தை நிற்காமல் கடந்தபோது ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மாங்குளம் தாண்டிய காட்டுக்குள் முள் சிவப்பைத் தொட்டது. வீதிக் கரையில் ஒதுக்கி, எஞ்சினை ஓடவிட்டபடியே முன்பக்கப் பொனற்றைத் தூக்கினேன். உள்ளே கொதிக்கிற சத்தம் கேட்டது. அம்மா இறங்கி வந்து, நனைந்த தலைப்பைச் சுற்றிக்கொண்டு மூடியில் கை வைக்கப் பார்த்தார்.

"விடணை! முகம் வெந்துபோம்! விசரே உனக்கு?"

"அப்ப என்னெண்டு தண்ணி விடுறது? நேரம் போகுதடி!"

"அவசரத்தில அண்டாவுக்குள்ளயும் கை போகாது. பேசாமல் போய் இரு!"

தாயைப் பார்த்துக் கத்திவிட்டேன். மூடியைத் தொடாமல், ரேடியேட்டரின் முகத்தில் வெளியிலிருந்தே தண்ணீரை வீசினேன். சீறியது. கான் கானாக வீசினேன். முள் ஒரு மயிரளவு இறங்கியது. போதும் என்று ஏறினோம். புளியங்குளம், ஓமந்தை என்று ஒவ்வொரு ஊராக அந்தச் சனியனைக் கெஞ்சியும் திட்டியும் கொண்டுபோனேன். போன் அடித்தது. எடுக்கவில்லை. எடுத்தால் என்ன செய்தி கேட்பேன் என்று தெரியும்.

சின்னம்மா வீட்டுப் படலையில் பெண்கள் மட்டும் நின்றார்கள். உள்ளே யாரோ வாளியால் தண்ணீர் ஊற்றி விறாந்தையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கழுவுகிறார்கள் என்றால் எடுத்துவிட்டார்கள்.

"இப்பதான், தங்கச்சி. ஒரு கொஞ்சம் முந்தி வந்திருந்தால்..." என்றார் நின்றவர்களில் ஒருவர்.

பின்னால் கதவுப்பிடி அசைகிற சத்தம். அம்மா இறங்கப்போகிறார், இந்தப் பெண்களோடு போய் நிற்கப்போகிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் என்று கேட்டால் தெரியாது.

"இறங்காதை!" என்றேன். கியரைப் போட்டேன்.

சுடலைக்குப் போகிற சின்ன ஒழுங்கை எந்தப் பக்கமென்று எனக்குத் தெரியும். குளக்கட்டுப் பாதையால் சுற்றி, ஊர்வலத்துக்கு முன்னால் போய் விழுந்தேன். இரண்டு பக்கமும் மதில். பறைச் சத்தம் கிட்ட வந்தது. பொனற்றின் இடுக்கால் புகை வந்துகொண்டிருந்தது. காரை ஒழுங்கைக்குக் குறுக்கே விட்டு, சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன்.

பிரேத வண்டி வந்து நின்றது. பறை நின்றது. முன்னால் வந்த பெரியவர் ஒருவர், "ஆரது? எடுங்கோ காரை!" என்றார்.

"ஸ்டார்ட் வராது, ஐயா. சூடேறிப்போச்சு."

"அப்ப தள்ளுங்கோடா தம்பிமாரே!"

"கியரில கிடக்கு, ஹான்ட் பிறேக்கும் போட்டுக்கிடக்கு. ஆராவது கை வைச்சுப் பாருங்கோ!" என்று சாவியைப் பொத்திக்கொண்டேன். "என்ரை அம்மா அவாவின்ரை கூடப்பிறந்தவா. முகத்தைப் பாக்கட்டும்."

"வழியில பெட்டி திறக்கிறதே? பொம்பிளையள் இஞ்சை வாறதே? ராகு காலம் வருகுது!"

சின்னம்மாவின் மகன் கொள்ளிச் சட்டியை இன்னொருவரிடம் கொடுத்தான். ஒருத்தரிடமும் கேட்கவில்லை. வண்டியில் ஏறிப் பெட்டியின் மூடியைத் தூக்கினான்.

அம்மா நடந்து போனார். ஆண்கள் விலகினார்கள். தங்கையின் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தார். நெற்றிப் பொட்டு கோணலாக இருந்தது. அதை விரலால் சரிப்படுத்தினார். அழவில்லை. எனக்குத்தான் பொங்கிக்கொண்டு வந்தது.

"தம்பி," என்றார் அம்மா, முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "என்னைப் பற்றி இவள் ஏதும் கதைக்கிறவளே?"

அவன் மூக்கைத் துடைத்தான். "ஓம் பெரியம்மா. நாங்கள் போன் எடுத்துத் தாறம், கதையுங்கோ எண்டு எத்தினை தரம் கேட்டனாங்கள். என்ரை அக்கா முதல்ல கதைக்கட்டும் எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவா."

"நானும் அதைத்தானே பாத்துக்கொண்டு இருந்தனான்" என்றார் அம்மா. அதற்குப் பிறகுதான் அவர் வாய்விட்டு அழுதார்.