ஐந்து இடம், ஆறு பேர்

ஹெஸ்டர் ராம்ஸ்டனுக்குக் கோபம் வந்தால் வெளியே தெரியாது. லீட்ஸ் நகரத்தில் ஒரு ரொட்டிக் கடைக்கு மேலே அவளுடைய வக்கீல் அலுவலகம். ஊர்ப் பொதுமண்டபம், முதியோர் இல்லம், கழுதைகள் சரணாலயம் என்று சின்னச் சின்ன அறக்கட்டளைகளுக்குச் சட்டம் பார்த்தே தலை நரைத்தவள். யாரையும் திட்டமாட்டாள். மறக்கவும் மாட்டாள்.

அட்ரியன் பென்ஹாலோவுக்கு இது தெரியாது. லண்டனில் பெரிய வக்கீல் நிறுவனத்துப் பங்குதாரர்; அறக்கட்டளை வக்கீல்கள் சங்கத்தின் தலைவர். சங்கத் தேர்தல் வந்தால் தானே ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, யார் வரலாம், யார் காத்திருக்கலாம் என்று இனிக்க இனிக்கப் பேசி முடித்துவிடுவார். கமிட்டியில் காலியிடம் எத்தனையோ அத்தனை பேர்தான் மனுக் கொடுப்பார்கள். ஓட்டுப் போடவே வேலையிருக்காது. சண்டை சச்சரவில்லாமல் நடப்பதுதான் மரியாதை என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த வருஷம் இடமெல்லாம் நிரம்பிப்போச்சு ஹெஸ்டர். அடுத்த வருஷம் கண்டிப்பா பார்க்கலாம்," என்று அவளிடமும் சொன்னார். சொன்னவர் போனைச் சரியாக வைக்கவில்லை. பக்கத்திலிருந்த யாரிடமோ அவர் பேசியது அவள் காதில் விழுந்தது.

"கழுதை வக்கீலைத் தட்டிக் கழிச்சாச்சு. அந்த இடத்துக்கு நம்ம ஆபீஸ் ஆளைப் போட்டுக்கோங்க."

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பும் சேர்ந்து நெஞ்சில் தைத்தது. மன்னித்துவிடலாம் என்ற எண்ணம் அவளுக்கு ஒரு நாளும் வரவில்லை; வந்திருந்தால் விரட்டியிருப்பாள்.

அடுத்த தேர்தலில் பதவிக்காலம் முடிந்து மறுபடி நிற்க வேண்டியவர்களில் பென்ஹாலோவும் ஒருவர். ஐந்து இடம், வழக்கம்போல அவரே பேசிவைத்த ஐந்து பேர், அவரையும் சேர்த்து. ஹெஸ்டர் தன்னை முன்மொழியச் சொல்லிக் கார்டிஃபில் இருந்த சங்கத்து வக்கீல் க்வென் ப்ராசருக்குப் போன் செய்தாள்.

"இடம் நிரம்பிப்போச்சுன்னாரா? எனக்கும் அதே பாட்டுதான்டி. நார்விச்காரங்களுக்கும் அதேதான். கையெழுத்து என்ன, ஊர் பூரா சொல்லி ஓட்டே வாங்கித் தரேன். அந்த ஆள் மூஞ்சி போற போக்கை மட்டும் நான் பக்கத்துல இருந்து பார்க்கணும்."

கடைசி நேரத்தில் ஹெஸ்டரின் மனு போய்ச் சேர்ந்தது. ஆறு பேராகிவிட்டதால் ஓட்டெடுப்புத் தவிர வழியில்லை. மற்ற வேட்பாளர்கள் தங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்பினார்கள். பென்ஹாலோ மட்டும் எழுதவில்லை. தன்னைத் தெரியாதவர் யார் என்ற நினைப்பு. தெரிந்ததுதான் வினையாகப் போகிறது என்று அவருக்கு உறைக்கவில்லை.

சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தன்று ஓட்டெடுப்பு நடக்கும்போது வேட்பாளர்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள். சொந்த நலன் உள்ளவர் அறையில் இருக்கக்கூடாது என்று தங்களிடம் வரும் அறக்கட்டளைகளுக்கு ஓதி ஓதியே பிழைப்பவர்கள் அல்லவா. தாழ்வாரத்தில் பென்ஹாலோ அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ஏற்பாடு பண்ணியிருப்பேனே."

"பண்ணுவீங்கன்னு தெரியும். அதனாலதான் சொல்லலை."

"இப்ப யாராவது ஒருத்தர் தோத்தாகணுமே, பாவம்."

"ஆமா, பாவம்," என்று ஹெஸ்டர் வெள்ளரிக்காய் சாண்ட்விச்சைக் கடித்தாள்.

உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேர் அந்த இனிப்பான போனை வாங்கியவர்கள். முதல்முறையாகக் கையில் ஓட்டுச்சீட்டுக் கிடைத்திருந்தது. வேட்பாளர்களை உள்ளே அழைத்து முடிவை வாசித்தபோது பென்ஹாலோவின் பெயர் கடைசியில் இருந்தது. க்வென் முன்வரிசையில் உட்கார்ந்து ஆசை தீரப் பார்த்தாள். புதிய கமிட்டி ஹெஸ்டரையே தலைவராக்கியது.

சில வாரம் கழித்து அவரிடமிருந்து போன்.

"கமிட்டி விரும்பினா வெளியிலேர்ந்து ஒருத்தரைச் சேர்த்துக்கலாம்னு விதி இருக்கு ஹெஸ்டர். என் அனுபவம் வீணாப் போக வேண்டாமேன்னு..."

அந்த இடம் காலியாகத்தான் இருந்தது.

"இந்த வருஷம் இடமெல்லாம் நிரம்பிப்போச்சு அட்ரியன். அடுத்த வருஷம் கண்டிப்பா பார்க்கலாம்."

போனை அவள் வைக்கவில்லை. மேசைமேல் மெல்லப் படுக்க வைத்தாள். அறையில் யாருமில்லை. ஆனாலும் யாரிடமோ சொல்வதுபோல உரக்கச் சொன்னாள்:

"லண்டன் கழுதையைத் தட்டிக் கழிச்சாச்சு. அந்த இடத்துக்கு நம்ம க்வென்னைப் போட்டுக்கணும்."

மறுமுனையில் அவர் மூச்சு விடுவது கேட்டது. ஹெஸ்டருக்கு வயிறு குளிர்ந்தது.