பெண் பார்த்த சமோசா

என் அக்காவுக்கு உளுந்தவடை மீதுகூட நம்பிக்கை கிடையாது. நடுவில் ஓட்டை எதற்கு என்பாள். மகனுக்குப் பெண் பார்க்க நாகமலை புதுக்கோட்டைக்குப் போனபோது, தாய்மாமன் என்ற பதவியில் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டாள்.

"பலகாரம் கடையில வாங்கினதா, வீட்டுல செஞ்சதான்னு பாருடா. இதுலயே பொய் சொல்றவங்க எதுலதான் சொல்ல மாட்டாங்க?"

ஏற்கெனவே ஒரு சம்பந்தத்தை இப்படித்தான் கேசரியோடு முறித்திருந்தாள். என் தகுதி, மதுரையில் எந்த முக்கில் எண்ணெய் காய்ந்தாலும் அங்கே நான் நிற்பேன் என்பதுதான்.

வெங்காயச் சமோசா வந்தது. "எல்லாம் வீட்டுலயே செஞ்சது," என்றார் பெண்ணின் அம்மா, யாரும் கேட்காமலே. கேட்காத கேள்விக்கு வரும் பதிலை நான் நம்புவதில்லை. தட்டைப் பார்த்தேன். எல்லாம் ஒரே அளவு, ஒரே முக்கோணம். வீட்டுச் சமோசா என்றால் ஒன்றாவது கொழுக்கட்டையாகியிருக்க வேண்டாமா? ஒன்றைப் புரட்டினேன். அடியில் எண்ணெயில் ஊறிய காகிதத் துணுக்கு. அதில் 'பேக்கரி' என்று சிவப்பு எழுத்து.

அக்கா மகன் என்னையே பார்த்தான். பெண் வந்து உட்கார்ந்ததிலிருந்து ஓயாமல் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தான். அவனுக்குப் பிடித்துவிட்டது.

"என்னடா, இம்புட்டு நேரமாப் பாக்குற?" அக்கா என் பக்கம் சாய்ந்தாள்.

சமோசாவைக் காகிதத்தோடு சேர்த்து வாயில் போட்டுக்கொண்டேன். வாசகனாக எவ்வளவோ காகிதம் புரட்டியிருக்கிறேன், விழுங்கியது அன்றுதான்.

"வீட்டுல செஞ்சதுதான்க்கா," என்றேன், சபைக்கே கேட்கும்படி.

பெண் சிரித்துவிட்டாள். "இல்ல அத்தை, அம்மா சும்மா சொல்றாங்க. வேலை முடிஞ்சு வர்றப்ப நாந்தான் கோரிப்பாளையத்துல வாங்கிட்டு வந்தேன். எனக்குச் சமோசா மடிக்க வராது."

அவள் அம்மா மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். அக்கா ஒரு சமோசாவை எடுத்துக் கடித்தாள். நிதானமாக மென்று முடித்தாள்.

"பொண்ணு உள்ளதச் சொல்லுது. எனக்கு இது போதும்."

திரும்பும்போது காரில் ஆரம்பித்தாள். "ஏன்டா, அவங்க உங்கிட்ட முன்னாடியே பேசி வச்சாங்களா?"

"இல்லக்கா."

"பின்ன? கடைச் சமோசா ஒனக்கா தெரியாது?"

முன் இருக்கையில் மாப்பிள்ளை மும்முரமாகச் சாலையைப் பார்த்தான்.

கல்யாணத்தில் பலகாரம் ருசி பார்க்கும் பொறுப்பு அக்காவின் நாத்தனார் கணவருக்குப் போனது. எனக்கு வாசலில் பன்னீர் தெளிக்கும் வேலை. அதையும் அக்கா தூணோரம் நின்று கண்காணித்துக்கொண்டிருந்தாள்.