ஊஞ்சலுக்கு நாலு போல்ட்

கறுப்பு சாக்கெட் என்பது முலாம் பூச மறந்துவிட்ட சாக்கெட் என்றுதான் நான் நம்பியிருந்தேன். போல்ட்டின் தலையில் மாட்டித் திருகுகிற குப்பிதானே, அதில் என்ன பெரிய வித்தியாசம்? கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. ஒன்று விளக்கி வைத்த வெள்ளிக் கிண்ணம் மாதிரி, மற்றது அடிப்பிடித்த தோசைக்கல் மாதிரி. சுபகாரியத்துக்கு வாங்குகிறோம், கரியைத் தூக்கிக்கொண்டு போவானேன் என்று பளபளப்பை எடுத்தேன்.

சுபகாரியம், அக்கா மகளுக்கு வளைகாப்பு. ரவுண்ட் ராக் என்கிற இந்த அமெரிக்க ஊரில், எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் இருக்கிறாள்.

"மாமா, உங்க பேட்டியோல ஒரு ஊஞ்சல் போட்டுடுங்க. அதுல உக்காந்துதான் வளையல் போட்டுக்குவேன். போட்டோ சூப்பரா வரும்" என்றாள்.

ஏழு மாத வயிற்றோடு கேட்கிற பெண்ணிடம் தாய்மாமன் முடியாது என்று சொல்ல முடியுமா? வீட்டுக்குப் பின்னால் கூரை போட்டிருக்கும் பேட்டியோவின் மர உத்தரத்தில் இரண்டு கொக்கித் தகடுகள், தகட்டுக்கு இரண்டு போல்ட், ஆக மொத்தம் நாலு. முறுக்குவதற்கு இம்பாக்ட் ரெஞ்ச் வாங்கியிருந்தேன். சுற்றும்போதே உள்ளுக்குள் சுத்தியலால் அடித்து அடித்து முறுக்கும் கருவி.

விசேஷத்துக்கு முந்தின நாள் காலையில் ஏணியில் ஏறினேன். இரண்டு போல்ட் சமர்த்தாக உள்ளே போயின. மூன்றாவது பாதி போனபோது சாக்கெட் பிளந்து, ஒரு துண்டு என் காதோரமாகப் பறந்து அங்கிருந்த கிரில் அடுப்பின் மூடியில் மோதியது. ஏணியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று இன்றுவரை தெரியாது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க சத்தம்?"

"ஒண்ணுமில்ல. சாக்கெட் வெடிச்சிருச்சு."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்ல."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு?"

வெளுக்காமல் என்ன செய்யும்? சாக்கெட்டை உடைத்த அதே அடிதானே முதல் இரண்டு போல்ட்டிலும் விழுந்திருக்கிறது? உள்ளே விரிசல் விட்டிருந்தால், நாளைக்கு அதன் கீழே உட்காரப்போவது ஒரு ஆள் இல்லை, இரண்டு பேர்.

உடைந்த துண்டோடு கடைக்கு ஓடினேன். அங்கே வேலை பார்க்கும் நரைத்த மீசைக்காரர் ஒருவர் அதைப் பார்த்தார். ஆச்சரியப்படக்கூட இல்லை. பளபளப்பது கையால் திருப்புவதற்கு, ரொம்பக் கடினம், அடித்தால் வளையாது, உடையும் என்றார். கறுப்பு, சுவர் தடித்தது, இரும்பும் கொஞ்சம் மிருது, அடியை வாங்கிக்கொள்ளும். ஆறு மூலை உள்ளதாக எடு, பன்னிரண்டு மூலை போல்ட்டின் தலையை வழித்துவிடும். போல்ட் உடைந்திருக்குமா என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும், கை ரெஞ்சால் திருப்பிப் பார், இறுக்கமாக இருந்தால் இறுக்கம்தான் என்றார். கண்ணுக்குப் பாதுகாப்பு போட்டிருந்தாயா என்றார். என் வாசிப்புக் கண்ணாடியைக் காட்டினேன். ஒரு பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்துக் கறுப்பு சாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

கறுப்பு சாக்கெட் முணுமுணுக்காமல் வேலையை முடித்தது. மூன்றாவதுக்குப் புது போல்ட் போட்டேன். முதல் இரண்டையும் கையால் திருப்பிப் பார்த்தேன், அசையவில்லை. அப்படியும் மனசு கேட்கவில்லை. எங்கள் வீட்டு அரிசி மூட்டைகளோடு பக்கத்து வீடுகளிலும் இரவல் வாங்கி, ஆறு மூட்டையை ஊஞ்சலில் அடுக்கி ஆட்டினேன். மேலே நானும் ஏறி உட்கார்ந்தேன்.

மனைவி பார்த்தாள். "அரிசிக்கு எத்தனாவது மாசம்?"

மறுநாள் அக்கா மகள் ஊஞ்சலில் உட்கார்ந்தாள். நான் தூணோரம் நின்று நாலு போல்ட்டையும் மாறி மாறி எண்ணிக்கொண்டிருந்தேன்.

"மாமா, எல்லா போட்டோலயும் நீங்க மேலயே பாத்துட்டிருக்கீங்க" என்றாள்.

"நீ ஆடாம உக்காரும்மா."

"ஊஞ்சல்ல எப்படி மாமா ஆடாம உக்கார்றது?"

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் நிறைய வளையலோடு எழுந்து சாப்பிடப் போனாள். நாலு போல்ட்டும் அசையவில்லை. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்ததால், வளையல் போட்டதை நான் பார்க்கவில்லை.