ரோடு பூஜ்யம், வீடு மைனஸ் ஒன்றரை

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு ஒரு காலத்தில் தெருவிலிருந்து மூன்று படி ஏறிப் போனோம். பிறகு ரோடு போட்டார்கள். பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டார்கள். அப்புறம் கேபிளுக்குத் தோண்டினார்கள், மறுபடி போட்டார்கள். தேர்தல் வந்தால் கேட்கவே வேண்டாம், ஆளாளுக்குப் போட்டார்கள். எங்கள் தெருவைப்போல் வளர்ச்சி கண்ட தெரு ஊரில் வேறு இருக்காது. கடைசியில் நாங்கள் தெருவிலிருந்து வீட்டுக்குள் படி இறங்க ஆரம்பித்தோம்.

சென்ற மழைக்காலத்தில் தெருத்தண்ணீர் முழுவதும் எங்கள் ஹாலுக்கு விருந்து வந்தது. சோபா மிதந்தது. மறுவாரமே வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கிவிடுவது என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம்.

எவ்வளவு தூக்குவது என்று சொல்ல அடையாறிலிருந்து மைத்துனன் வந்தான். அவன் இன்ஜினியர், அவனே அடிக்கடி சொல்வான். அளந்து பார்த்தான். வீட்டின் தரை ரோட்டுக்குக் கீழே ஒன்றரை அடி. எங்களுக்கு ரோட்டுக்கு மேலே இரண்டடி வேண்டும்.

"சிம்பிள் மாமா. ரோடு ஜீரோ. வீடு மைனஸ் ஒண்ணரை. வேண்டியது பிளஸ் ரெண்டு. ரெண்டையும் கூட்டுங்க, அரை வருது. அரை அடி தூக்கினா போதும்."

அரை அடிதானா என்று எனக்கு மனம் நிறைந்துவிட்டது. கணக்கைச் சரிபார்க்கத் தோன்றவில்லை. நல்ல செய்தியை யார் சரிபார்க்கிறார்கள்?

மனைவி மட்டும் சும்மா இருக்கவில்லை. சாக்பீஸை எடுத்து காம்பவுண்டு சுவரில் ரோட்டின் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு, பூஜ்யம் என்று எழுதினாள். அதற்கு ஒன்றரை அடி கீழே ஒரு கோடு, இரண்டடி மேலே இன்னொன்று.

"இங்க இருக்கோம். அங்க போகணும். அரை அடி தூக்கினா எங்கடா நிப்போம்?"

மைத்துனன் சுவரைப் பார்த்தான். "மைனஸ் ஒண்ணுல."

"ரோட்டுக்கு மேலயா, கீழயா?"

"கீழதான்கா."

"முதல்ல ஜீரோவுக்கு வரவே ஒண்ணரை ஏறணும். அதுக்கு மேல ரெண்டு. மொத்தம் மூணரை."

"சரிதான். கூட்டக்கூடாது, கழிக்கணும். ரெண்டுலேர்ந்து மைனஸ் ஒண்ணரையைக் கழிச்சா மூணரை. மைனஸைக் கழிச்சா பிளஸ். நான் அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றான்.

அவன் கட்டிக்கொடுத்த வீடுகளில் குடியிருப்பவர்களை நினைத்துக்கொண்டேன்.

வீட்டைத் தூக்க வந்தவர்கள் அஸ்திவாரத்தைத் தோண்டி, சுவருக்கடியில் வரிசையாக ஜாக்கிகளை வைத்துத் திருகினார்கள். நாங்கள் எதிர்வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தபடி, சொந்த வீடு மெல்ல மெல்ல மேலே போவதைப் பார்த்தோம். சுவர் ஒன்றும் விரியவில்லை. மூன்றரை அடியும் ஏறி முடிந்து, வாசலுக்கு நான்கு படி கட்டியபோது, தெருவில் போகிறவர்களையெல்லாம் சற்றுக் குனிந்து பார்க்கும் அந்தஸ்து எனக்கு வந்தது. அடுத்த மழைக்கு ஹாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து மழையை ரசித்தேன்.

மழை விட்டதும் தெருமுனையில் ஜல்லியைக் கொட்டினார்கள். பின்னாலேயே ரோலர் வந்தது. மேற்பார்வை பார்த்தவரிடம் ஓடினேன்.

"பழைய ரோட்டைச் சுரண்டிட்டுத்தானே போடுவீங்க?"

"சொரண்ற மிஷினு கிண்டில கீது சார். வந்துகினே இருக்குது."

"வர்ற வரைக்கும்?"

"இன்னா சார், வேலைய நிறுத்த முடியுமா? அரை அடிதான் ஏறும். உங்களுக்கு இன்னா, நீங்கதான் மேல கீறீங்களே."

சாயங்காலம் எங்கள் கடைசிப் படி தாருக்குள் போயிருந்தது. வீடு அங்கேயேதான் இருந்தது. பூஜ்யம்தான் எங்களைத் தேடி ஏறி வந்திருந்தது. பிளஸ் இரண்டு இப்போது பிளஸ் ஒன்றரை. எனக்கு வந்த ஆத்திரத்தில் தெருவே கேட்கும்படி கத்தினேன்.

மனைவி செருப்பில் ஒட்டிய தாரைப் படியில் தேய்த்துக்கொண்டே, "ஒரு படி குறைஞ்சா என் முட்டிக்கு நல்லதுதாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.