பெரும்பாலும் உண்ணத்தக்கது

எனக்கு ஜேர்மன் மொழியில் காலை வணக்கம் சொல்லத் தெரியாது. குடிக்கத் தண்ணீர் கேட்கத் தெரியாது. பேருந்து நிலையம் எந்தப் பக்கம் என்று ஒரு ஜேர்மன்காரர் என்னிடம் கேட்டால் அவரைக் கடலுக்குத்தான் அனுப்பி வைப்பேன். ஆனால் அவருடைய உதடு மரத்து, நாக்குத் தடித்து, மூச்சு முட்டத் தொடங்கினால், அந்த ஒவ்வொரு கட்டத்தையும் அவருடைய தாய்மொழியிலேயே அவருக்கு எடுத்துச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. இந்தத் தகுதியை நம்பி, ‘தெரிந்த மொழிகள்’ என்று யார் கேட்டாலும் ஜேர்மனையும் சேர்த்தே சொல்லி வருகிறேன். ஒரு நேர்முகத் தேர்வில் இரண்டு வசனம் பேசிக் காட்டச் சொன்னார்கள். பேசிக் காட்டினேன். அந்த வேலை கிடைக்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாம் சித்தப்பா கொண்டுவந்த புத்தகத்தால் வந்தது.

எனக்கு அப்போது பதினொரு வயது. எங்கள் வீடு திருகோணமலையில், உட்துறைமுகத்துக் கப்பல்கள் ஊதினால் ஜன்னல் கண்ணாடி நடுங்கும் தூரத்தில் இருந்தது. சித்தப்பா நிலாவெளியில் ஒரு ஹோட்டலின் குசினியில் வெங்காயம் உரிக்கும் வேலை பார்த்தார். ஜேர்மன்காரர்கள் வெயிலில் கிடந்து சிவப்பதற்காகவே காசு செலவழித்துக் கூட்டம் கூட்டமாக வந்த காலம் அது. அவர்கள் அறையில் விட்டுவிட்டுப் போகும் சாமான்கள் சித்தப்பா மூலம் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும். அரைப் போத்தல் எண்ணெய், ஒற்றைச் செருப்பு, இப்படி. ஒருநாள் தலையணை அளவில் ஒரு படப் புத்தகமும், உள்ளங்கையில் அடங்கும் ஒரு ஜேர்மன் - ஆங்கில அகராதியும் வந்தன.

நான் ஒரு மீன் பைத்தியம். மற்றப் பெண் பிள்ளைகள் வளையல் கடைக்குப் போக அழுவார்கள். நான் மீன் சந்தைக்குப் போக அழுவேன். கெளிறு குத்தி என் பெருவிரல் வீங்கியபோதுகூட, முள்ளில் எந்த இடத்தில் விஷம் இருக்கிறது என்று பார்ப்பதற்கு அந்த மீனைத் தரச் சொல்லி அடம்பிடித்து, அம்மாவிடம் இன்னொரு வீக்கம் வாங்கியவள். அப்படிப்பட்டவள் கையில் கிடைத்த புத்தகம் எதைப் பற்றியது தெரியுமா? வெப்பக் கடல்களில் வாழும் நச்சு உயிரினங்கள்! பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம். திருக்கை, தொட்டாலே எரியும் சொறிமீன், கடற்பாம்பு, கல்லைப் போலவே கிடந்து மிதிப்பவன் காலில் முள் ஏற்றும் கல்லுமீன். எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்கள். தெரியாதது அவர்களைப் பற்றி எழுதியிருந்த மொழி மட்டும்தான்.

பள்ளிக்கூடத்து ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் ஒரு சிறுமி வருடம் முழுவதும் பூங்காவுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் போனால் எனக்கென்ன, போகாவிட்டால் எனக்கென்ன. ஆனால் பந்தாக ஊதிக்கொள்ளும் பேத்தை மீனின் ஈரலைப் பற்றி இந்தப் புத்தகம் என்ன சொல்கிறது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. படத்தில் அம்புக்குறி போட்டிருந்த இடம் ஈரல். ஆகவே பக்கத்தில் இருந்த சொல்லும் ஈரலாகத்தான் இருக்க வேண்டும். அகராதியைப் புரட்டினேன். ஈரலேதான்! துள்ளிக் குதித்ததில் மேசை விளக்கு விழுந்தது. பிறகு முள், தோல், வால், இரத்தம் என்று ஒவ்வொன்றாக வலைக்குள் வந்தன. பெயர்ச்சொற்கள் எல்லாம் முதலெழுத்துப் பெரிதாகி, தலைப்பாகை கட்டி நின்றதால் கூட்டத்தில் அவற்றைக் கண்டுபிடிப்பது சுலபம். அகராதி தந்த ஆங்கிலமும் விளங்காவிட்டால் அப்பாவிடம் ஓடுவேன். “பிள்ளை, இண்டைக்காவது ஆரும் சாகாத சொல் ஒண்டு கேள்” என்பார் அவர். உச்சரிப்புக்குச் சித்தப்பா இருந்தார். மொழி தெரியாது, ஆனால் குசினி ஜன்னலால் கேட்டுக் கேட்டு, தொண்டையில் மீன் முள் சிக்கிய மாதிரி அவர்கள் எங்கே காறுவார்கள் என்று துல்லியமாகக் காட்டுவார்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் மான்களைப் பற்றி வெளியூர்க்காரருக்கு ஒரு வார்த்தை. அவை காட்டில் இருப்பதில்லை. கடைத்தெருவில் நடக்கும், ஆட்டோவுக்கு வழி விடாது, புல்லைவிடக் கடதாசியை ருசித்துத் தின்னும். ஒருநாள் புத்தகத்தை வாசற்படியில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது புள்ளிமான் ஒன்று கடைசி அத்தியாயத்தை முடித்துக்கொண்டிருந்தது. பொருளடக்கத்தைப் பார்த்துத்தான் தின்றுபோனது எது என்று தெரிந்தது: ‘சிகிச்சை’. பெரிய நட்டமில்லை என்று நினைத்தேன். குத்துவதும் கடிப்பதும் துடிப்பதும் எல்லாம் பத்திரமாக இருந்தனவே.

அந்த வருடம் சித்தப்பா, வெங்காயம் உரித்தே சாகப் பிறந்தவனா நான் என்று குசினி வேலையை விட்டுவிட்டு, ஒரு என்ஜின் வள்ளம் வாங்கினார். ஹோட்டல் விருந்தாளிகளைப் பவளப்பாறை பார்க்க எதிரே கடலில் இருந்த புறாத்தீவுக்குக் கூட்டிப்போய் வருவது யோசனை. பக்கத்து ஊரான இறக்கக்கண்டியில் இருந்தும் ஒருவர் அதே யோசனையுடன் வள்ளத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். ஹோட்டல் மனேஜர் இருவரையும் பார்த்தார். ஒரு ஜேர்மன் தம்பதியை முதல் நாள் அவருடனும், மறுநாள் சித்தப்பாவுடனும் அனுப்புவதாகவும், அவர்களுக்குப் பிடித்தவருக்கே அந்தப் பருவம் முழுவதும் விருந்தாளிகள் என்றும் தீர்ப்புச் சொன்னார். தோற்றவருக்கு ஹோட்டலில் வேறு இடமில்லை. சித்தப்பாவுக்கு மட்டும் வெங்காயம் இருந்தது.

இறக்கக்கண்டிக்காரருக்கு ஜேர்மனில் தெரிந்தது இரண்டே சொல்: ‘நல்லது’, ‘அழகு’. சித்தப்பா சிரித்தார். “என்ட அண்ணன்ட மகள் தலையணை மாதிரிப் புத்தகம் வாசிக்கிறவள். கூட்டிக்கொண்டு வாறன் பாருங்கோ” என்று மனேஜரிடம் சொல்லிவிட்டு வந்தார். எனக்கு அன்று இரவு நித்திரை இல்லை. என் ஜேர்மனை முதன்முதலாக உயிருள்ள ஜேர்மன்காரர் கேட்கப் போகிறார்!

வள்ளம் புறப்பட்டது. கணவர் பனை உயரம். மனைவி தலையில் கூடையளவு தொப்பி. கரையை விட்டுக் கொஞ்சம் போனதும் தெளிந்த தண்ணீரில் ஒரு பேத்தை தெரிந்தது. அதன் ஜேர்மன் பெயரைச் சொன்னேன். அந்த அம்மா கைதட்டிவிட்டார். எனக்கு உச்சி குளிர்ந்தது. ஈரலைப் பற்றிச் சொன்னேன். தின்றவனுக்கு முதலில் உதடு, பிறகு கை கால், பிறகு மூச்சு என்று வரிசை தவறாமல் சொன்னேன். சொறிமீனைச் சொன்னேன். கல்லுமீனைப் பற்றிச் சொல்லும்போது, வலிக்கு அவர்கள் வைத்திருக்கும் ‘ஷ்மெர்ட்ஸ்’ என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்ததாகையால் அதை மூன்று தரம் சொன்னேன். தண்ணீரில் காலை அளைந்துகொண்டு வந்த கணவர் காலை உள்ளே எடுத்துக்கொண்டார்.

சித்தப்பா என்ஜினடியில் இருந்து கத்தினார். “என்ன சொல்லுறாய், பிள்ளை?”

“மீனைப் பற்றித்தான், சித்தப்பா.”

“விடாதை, கதை! பார், வாயைப் பிளந்துகொண்டெல்லோ கேக்கினம்!”

அந்த அம்மா என்னைப் பார்த்து ஒரே ஒரு சொல் கேட்டார். பொருளடக்கத்தில் பார்த்த சொல்: சிகிச்சை? அந்த அத்தியாயம் மானின் வயிற்றில் இருக்கிறது என்று சொல்ல, மானுக்கு ஜேர்மனில் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. அது கடலில் வாழும் நச்சு உயிரினம் அல்லவே. ஆகவே இரண்டு கையையும் அகல விரித்து, இல்லை என்று தலையாட்டினேன்.

புறாத்தீவில் இருவரும் நீச்சல் கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கடலில் இருந்து எவ்வளவு தள்ளி இருக்க ஏலுமோ அவ்வளவு தள்ளி, நடு மணலில் உட்கார்ந்தார்கள். கடவுள் போட்ட கண்ணாடித் தொட்டி போலப் பவளப்பாறை முன்னால் கிடந்தது. ஒருவரும் இறங்கவில்லை. சித்தப்பா தன் பெரிய துருப்புச் சீட்டை எடுத்தார்: காலையில் பிடித்த சீலா மீன், மிளகும் தேசிக்காய்ப் புளியும் போட்டுப் பொரித்தது. “நல்ல சாப்பாடு எண்டு சொல்லு, பிள்ளை” என்றார்.

நல்ல சாப்பாடு என்று எப்படிச் சொல்வது? என் புத்தகம் ருசியைப் பற்றி எங்குமே பேசவில்லை. ஆனால் சீலாவைப் பற்றிப் பேசியிருந்தது. மகிழ்ச்சி பொங்க அதை அப்படியே ஒப்பித்தேன்: “மைஸ்ட் எஸ்பார்!” பெரும்பாலும் உண்ணத்தக்கது.

கணவர் வாய்க்குக் கொண்டுபோன துண்டை நடுவழியில் நிறுத்தினார். “மைஸ்ட்?” என்றார்.

“ஓம்” என்று தலையாட்டிவிட்டு, கேட்டவருக்கு முழுதாகச் சொல்வதுதானே மரியாதை என்று, பெரும்பாலும் அல்லாத சமயங்களில் என்ன நடக்கும் என்பதையும் விளக்கினேன்.

இருவரும் வாழைப்பழம் சாப்பிட்டார்கள். “ஏன் மீனைத் தொடயில்லை?” என்று சித்தப்பா காதுக்குள் கேட்டார். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போல என்றேன். மீனை நாங்கள் இருவருமே தின்று முடித்தோம். அவ்வளவு நல்ல சீலாவை நான் பிறகு தின்றதில்லை.

மறுநாள் மனேஜர் விசயத்தைச் சொன்னார். பிள்ளையின் ஜேர்மன் மிகத் திருத்தமானது, அவளைக் கட்டாயம் பெரிய படிப்புப் படிப்பிக்க வேண்டும் என்று தம்பதி புகழ்ந்தார்களாம். அத்தோடு, ஹோட்டலில் நீச்சல் தடாகம் உண்டா என்றும் விசாரித்தார்களாம். இல்லை. ஆகவே அவர்கள் கடலே இல்லாத மலைநாட்டுக் கண்டிக்குப் போய்விட்டார்கள். விருந்தாளிகள் முழுப்பேரும் இறக்கக்கண்டிக்காரரின் வள்ளத்துக்குப் போனார்கள். அவர் எல்லாக் கடலையும் காட்டி, எல்லா மீனையும் காட்டி, ‘அழகு’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு நியாயம் விளங்கவில்லை. உயிரோடு இருக்கும் இரண்டு ஜேர்மன்காரர்களிடம் வாழ்க்கையில் முதல் தடவை பேசியிருக்கிறேன். அவர்களும் பிழை சொல்லாமல் புகழ்ந்திருக்கிறார்கள். இதில் தோல்வி எங்கே வந்தது? நேரே ஹோட்டல் குசினிக்குப் போனேன். சித்தப்பா வெங்காயக் கூடைக்கு முன்னால் பலகையில் இருந்தார். வள்ளம் வெளியே கவிழ்ந்து கிடந்தது. நான் அவரிடம் வழக்காடினேன்: ஒரு சொல்லும் பிழையில்லை சித்தப்பா, எல்லாமே அவையளுக்கு விளங்கினது.

அவர் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார். வெங்காயம் என்றுதான் அன்று நினைத்தேன்.

“ஓம் பிள்ளை, நல்லா விளங்கினது” என்றார். “அடுத்தமுறை அவையளுக்கு விளங்காத பாஷை ஒண்டாப் பாத்துப் படி.”